வேறொருவர் அனுமதித் தாளை வைத்து என்னை மலையேற அனுப்பியது குறித்து

கோத்தகிரி,
22.09.2025

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

ஐயா,

இந்த மாதம் 8ஆம் தேதி இரவு, இலங்கையில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் உங்களிடம் எட்டு நாளைக்கு ஒரு கார் வாடகைக்கு எடுத்தேன். கார் நல்ல கார். பிரேக், டயர் எதிலும் குறை சொல்ல மாட்டேன். அதற்குள் நீங்கள் வைத்துத் தந்த ஒரு தாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முன்பதிவு செய்யும்போதே வாட்ஸப்பில் கேட்டிருந்தேன், ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீஸில் எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி போதுமா என்று. போதாது என்று உங்கள் ஆள் சரியாகத்தான் சொன்னார். கொழும்பில் ஆட்டோமொபைல் சங்கத்தில் காட்டி அங்கீகாரம் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். "நீங்க அலைய வேண்டாம், நாங்களே எடுத்து வண்டியில் வச்சிருவோம்" என்றார். அதற்கு 9,500 ரூபாயைப் பில்லில் தனி வரியாகப் போட்டிருக்கிறீர்கள். லைசென்ஸ் நகலும் போட்டோவும் மூன்று வாரம் முன்பே அனுப்பியாயிற்று.

வண்டியை ஒப்படைத்த பையன் டேஷ்போர்டைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் இருந்த தாள்களை விரலால் விசிறிக் காட்டினார். "இன்சூரன்ஸ், ரெவனியூ லைசன், உங்க பர்மிட், எல்லாம் இருக்கு சேர்." நானும் பிரித்துப் பார்க்கவில்லை. இரவு ஒன்பதரை மணி, அம்மாவுக்குக் கால்வலி. இருந்தாலும் என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

நான்காம் நாள் கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியா ஏறி, நானுஓயா பக்கம் இறங்கினோம். நீலகிரியில் இருபது வருடமாக ஓட்டுகிறவன் நான். கொண்டை ஊசி வளைவு புதிதில்லை. ஆனாலும் கொத்மலை கெரண்டி எல்லப் பக்கம், மே மாதம் பஸ் உருண்டு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த இடத்தைத் தாண்டும்போது வாய் தானாக மூடிக்கொண்டது. பின் சீட்டில் அம்மா. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் 1972இல் தலைமன்னாரில் கப்பல் ஏறியவர். பிறந்த லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டைப் பார்க்கத்தான் இந்தப் பயணமே.

தலவாக்கலை டவுனுக்கு முன்னால் போக்குவரத்துப் பொலிஸார் கை காட்டினார்கள். உறையை எடுத்துக் கொடுத்தேன். அதிகாரி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "இது நீங்களா?" என்று தமிழிலேயே கேட்டார். தாளில் பொன்னிறத் தாடியோடு ஒரு ஜெர்மன்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். ஜூன் மாதமே காலாவதியான தாள். என் பெயரில் ஒரு துண்டுக் காகிதம்கூட வண்டியில் இல்லை.

அம்மா கண்ணாடியை இறக்கி, ஐம்பது வருடத்துக்கு முந்தைய சிங்களத்தில் "மாத்தயா" (ஐயா) என்று ஆரம்பித்து என்னென்னவோ சொன்னார். அதனாலோ என்னவோ வழக்குப் போடவில்லை. ஆனால் நான் இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, இலங்கை லைசென்ஸ் உள்ள ஒருவர் வந்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள். தற்காலிக அனுமதி கொடுக்க ஆகஸ்ட்டிலிருந்து விமான நிலையத்திலேயே கவுன்டர் இருக்கிறதே, ஏன் எடுக்கவில்லை என்று அந்த அதிகாரி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் எடுத்து வைத்திருப்பீர்கள் என்று நம்பியதுதான் பதில்.

மாமா மகன் ஹட்டனிலிருந்து பஸ் பிடித்து வரும்வரை ஒன்றே கால் மணி நேரம் மழையில் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். அப்போது உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மன்னிப்பு கேட்பார்கள் என்று நினைத்தேன். "இதுவரைக்கும் யாரையும் மறிச்சதில்லையே சேர்" என்றார்கள். அப்புறம், ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டக் கூடாது, மச்சான் பெயரைச் சேர்க்க 5,000 ரூபாய் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன், வேறு வழி? கடைசி நாள் காரைத் திருப்பியபோது, அனுமதியில்லாமல் ஓட்டியது ஒப்பந்த மீறல் என்று டெபாசிட்டில் 15,000 ரூபாய் பிடித்துக்கொண்டீர்கள்! அனுமதி எடுத்துத் தருவதாகப் பணம் வாங்கியது யார்?

மறித்ததுகூடப் பெரிய விஷயமில்லை. அந்த நான்கு நாளில் எங்காவது ஒரு த்ரீவீலரில் இடித்திருந்தால், செல்லுபடியாகும் அனுமதி இல்லாதவன் ஓட்டினான் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்திருக்கும். அடிபட்டவர் குடும்பத்துக்கும் எனக்கும் நடுவில் அந்த ஜெர்மன்காரரின் போட்டோ மட்டும்தான் இருந்திருக்கும். "யாரையும் மறிச்சதில்லை" என்று சொன்னவருக்கு இதை யாராவது விளக்குங்கள்.

பணம் இவ்வளவு: அனுமதிக்கு 9,500, பெயர் சேர்க்க 5,000, டெபாசிட்டில் பிடித்தது 15,000. ஆக 29,500 இலங்கை ரூபாய். வேலைக்கு லீவு போட்டு நான்கு நாள் ஓட்டிய மச்சான் என்னிடமே கூலி வாங்கவில்லை, அதனால் உங்களிடம் அதைக் கேட்கவில்லை. 14 நாளில் பணம் வராவிட்டால் பில், வாட்ஸப் உரையாடல், தாளின் படம் மூன்றையும் கொழும்பு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு அனுப்புவேன்.

அந்தத் தாள் ஹட்டனில் மச்சான் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அதில் அந்த மனிதரின் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கிறது. உங்கள் ஆள் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும். அந்த ஜெர்மன்காரருக்கும் ஒரு வார்த்தை தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரி வாடிக்கையாளர்