ஸ்கேன் படம் நோயாளிக்கு முன்னே போகட்டும்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மூளை ரத்தக் குழாயில் அடைப்பு வந்து பக்கவாதம் தாக்கியவருக்கு நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டும் என்பதும், அடைப்பா ரத்தக் கசிவா என்று தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் அந்த ஊசியைத் தொடவே கூடாது என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல.

சென்ற மாதம் வாய் கோணி, வலக்கை தொங்கிய நிலையில் என் அத்தையை 108 வண்டி தாமதமின்றி ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்தது. ஸ்கேனும் உடனே எடுத்தார்கள். அதுவரை குறையில்லை. நரம்பியல் மருத்துவர் இல்லாததால், பிலிமை உறையில் போட்டு என் கையில் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே பணியிலிருந்த இளம் மருத்துவர் அதைக் குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுக் குறுந்தகடு கேட்டார். கொடுத்தோம், அவர்கள் கணினியில் அது திறக்கவில்லை. மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் வரிசை. படம் வந்தபோது ஊசிக்கான நேரம் கடந்திருந்தது. இன்று அத்தைக்கு எங்கள் பெயர்கள் வாயில் வருவதில்லை. காப்பீட்டு அட்டை எண் மட்டும் இரண்டு இடங்களிலும் பிசகாமல் கணினியில் ஏறிவிட்டது என்பதையும் நன்றியோடு தெரிவிக்கிறேன்.

மலையும் வளைவுப் பாதையுமான இமாச்சலப் பிரதேசத்தில், மாவட்ட மருத்துவமனையில் எடுத்த ஸ்கேன் படத்தை நரம்பியல் மருத்துவர் கைப்பேசியில் பார்த்துச் சொல்ல, அங்கிருக்கும் மருத்துவரே ஊசி போடும் ஏற்பாடு 2014-லேயே தொடங்கிவிட்டது. படம் நோயாளிக்கு முன்னே போக வேண்டும் என்பதைத்தான் நானும் கேட்கிறேன். இதற்குப் புதிய செயலியோ, அதற்கொரு தொடக்க விழாவோ, மேடையோ, பொன்னாடையோ தேவையில்லை.

இன்னொன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) பக்கவாத நோயாளிகளின் விவரங்களைத் திரட்டும் பதிவேட்டுக்குத் தேர்ந்தெடுத்த ஐந்து இடங்களில் திருநெல்வேலியும் ஒன்று. அப்படிப்பட்ட மாநிலத்தில், அத்தையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் நோய் தொடங்கிய நேரத்துக்கான கட்டம் வெறுமையாக இருக்கிறது. அது நிரம்பாமல், எங்கே எவ்வளவு நேரம் வீணாகிறது என்ற கணக்கு தங்கள் மேசைக்கு எப்படி வரும்? கணக்கே இல்லாமல் எந்த ஊருக்கு ஸ்கேன் கருவி, எந்த ஊருக்கு மருத்துவர் என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்தருள்க. ஸ்கேன் வசதியுள்ள ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலிருந்தும், ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்பே படம் பணியிலுள்ள நரம்பியல் மருத்துவருக்குப் போய்ச் சேரவும், நோய் தொடங்கிய நேரத்தையும் ஊசி போட்ட நேரத்தையும் கட்டாயம் பதிந்து மருத்துவமனை வாரியாக மாதந்தோறும் வெளியிடவும் ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அண்ணன் மகன்