கொதிகலனுக்கு முன் ஒரு கேள்வி: பால் உற்பத்தியாளர் சங்க நிர்வாகிகளுக்குத் திறந்த மடல்

உசிலம்பட்டி வட்டாரப் பால் உற்பத்தியாளர் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

உறுப்பினர்களுக்கென, நீராவிக் கொதிகலனோடு பொதுத் தீவன ஆலை அமைப்பது குறித்து நீங்கள் கலந்து பேசிவரும் இவ்வேளையில், எந்திரத்தின் விலை அலசப்பட்ட அளவுக்கு, எந்தச் சரக்குக்கு எவ்வளவு சூடு என்பது அலசப்படவில்லை என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

மக்காச்சோளத்துக்குச் சூடு நன்மையே செய்கிறது. போதிய ஈரத்தோடு ஏறத்தாழ 62 முதல் 72 பாகை செல்சியசில் அதன் மாவுச்சத்து நீரை உறிஞ்சிப் பருத்துக் கூழாகிவிடுவதால், நீராவியில் வேகவைத்து அவல்போலத் தட்டிய மக்காச்சோளம், வெறுமனே உடைத்ததைவிட எளிதாகச் செரிக்கிறது. ஆனால் மாட்டின் முதல் வயிற்றில் அது விரைவாகப் புளிக்கவும் செய்யும். வைக்கோலைக் குறைத்து வெந்த தானியத்தைக் கூட்டினால் அமிலம் ஏறும், பாலில் கொழுப்பு இறங்கும். (மாட்டுப் பொங்கலன்று பாசத்தில் வாளி நிறையப் பொங்கலை வைத்துவிட்டு, மறுநாள் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுகிறோமே, அதுவும் இதுதான்.)

புண்ணாக்கின் சங்கதி வேறு. மிதமான சூடு, கடலைப் புண்ணாக்கின் புரதம் முதல் வயிற்றிலேயே சிதைந்து வீணாவதைக் குறைக்கிறது. சூடு மிகுந்துவிட்டாலோ, புரதத்திலுள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் சர்க்கரையோடு பிணைந்து புண்ணாக்கு பழுப்பேறுகிறது. அப்படிப் பிணைந்தது மாட்டின் உடம்பில் சேராமல் சாணத்தோடு போய்விடும். என்னை உறுத்துவது தீவன மூட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் கச்சா புரத அளவு. கச்சா புரதம் என்பது நைட்ரசனை அளந்து 6.25 ஆல் பெருக்கிப் பெறும் எண். கருகிய புண்ணாக்கிலும் அந்த நைட்ரசன் பெரும்பாலும் அப்படியே இருப்பதால், 20 விழுக்காடு என்று அச்சிட்ட இரண்டு மூட்டைகளில் எது கெட்டது என்பதை அந்த எண் காட்டிக்கொடுக்காது.

ஆகவே தானியத்தைத் தனியே வேகவைத்து, புண்ணாக்கைப் பிறகு கலக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு ஈட்டுக்கும் சூடும் நேரமும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்றும், ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும்போது கச்சா புரதத்தோடு, அமிலச் சலவையில் கரையாத நைட்ரசனின் அளவையும் (சூட்டில் பிணைந்து மாட்டுக்குப் பயன்படாமல் போன புரதத்தைக் காட்டுவது இதுதான்) கேட்டு வாங்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

வேகவைத்தால் பூஞ்சை நஞ்சு போய்விடும் என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். போகாது. ஐப்பசி மழையில் நனைந்த மக்காச்சோளத்திலும் கடலையிலும் உண்டாகும் அஃப்ளாடாக்சின் கொதிநீரின் சூட்டுக்கு அழிவதில்லை. அது உருமாறிப் பாலில் இறங்கினால், பாலைக் காய்ச்சினாலும் நீங்காது. கொதிகலனுக்கு முன் ஓர் ஈரமானியை வாங்குங்கள். ஈரம் 14 விழுக்காட்டைத் தாண்டிய மக்காச்சோளத்தை ஆலை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள், அது என் வயலில் விளைந்ததாக இருந்தாலும்.

இப்படிக்கு,
கறவை மாடு வளர்க்கும் உறுப்பினர் ஒருவன்