ஜூலியாவிலிருந்து சிம்பை: முரளிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா மறுபடி நடமாட ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், கணிதம்தான் எடுத்திருக்கிறாள். உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

சரி, ஜூலியா நிரல் மொழியிலிருந்தே குறியீட்டுக் கணிதம் (எண்களுக்குப் பதில் எக்ஸ் போன்ற குறியீடுகளை வைத்தே போடும் கணக்கு) செய்ய முடியுமா என்று நீ கேட்டதற்கு வருகிறேன். ஜூலியா கைக்குப் பழகிய பிறகு, அதற்காக மட்டும் பைத்தான் மொழிக்குத் திரும்ப வேண்டியதில்லை. 2007-ல் முதலில் வெளியான சிம்பை, குறியீட்டுக் கணிதத்துக்கான பைத்தான் நிரல் நூலகம்; பல நூறு பேர் உழைப்பில் வளர்ந்தது அது. அதை ஜூலியாவுக்குள் இருந்தே கூப்பிட ஜான் வெர்சானி என்பவர் ஒரு பேக்கேஜ் (சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) எழுதியிருக்கிறார், அதன் பெயரும் சிம்பைதான். உள்ளே பைகால் என்ற இன்னொரு பேக்கேஜ் பைத்தானோடு பேசிக்கொள்ளும். நீ வழக்கம்போல சைன், காஸ் என்று எழுதினால் போதும். உள்ளே வருவது எண்ணா குறியீடா என்று பார்த்து, அதற்கேற்ற வேலையை ஜூலியாவே தேர்ந்துகொள்ளும்.

கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. எந்தக் கணக்கை எந்த மொழி முதலில் போடுகிறது என்று பார்த்துக்கொள். எக்ஸின் அடுக்காக அடைப்புக்குள் 1/3 என்று எழுதினால், சிம்பையிடம் போவதற்கு முன்பே ஜூலியா அதை 0.333... என்று தசமமாக்கிவிடும். இரட்டைச் சாய்கோடு போட்டு 1//3 என்று எழுது, மூன்றில் ஒன்று அப்படியே நிற்கும். 2^100 இன்னும் மோசம்: ஜூலியாவின் 64 பிட் முழு எண்ணில் அது நிரம்பி வழிந்து 0 என்றே விடை வரும், எச்சரிக்கைகூட வராது. அந்த 2-ஐ முதலிலேயே குறியீடாக்கிக் கொடுத்தால் 31 இலக்கமும் பிசகாமல் கிடைக்கும். உன் மாணவர்களுக்கு இதை முதல் வகுப்பிலேயே காட்டிவிடு.

அப்புறம், அவர்களுக்கு ஒரு நல்ல தொகையீடு: எக்ஸின் நான்காம் அடுக்கை, (1 − எக்ஸ்) என்பதன் நான்காம் அடுக்கால் பெருக்கி, 1 + எக்ஸ் வர்க்கத்தால் வகுத்து, 0 முதல் 1 வரை தொகையிடச் சொல். விடை 22/7 − π. தொகையிடும் சார்பு அந்த இடைவெளியில் இரு முனைகளைத் தவிர எங்கும் நேர்மறைதான். ஆகவே 22/7 π-ஐவிடப் பெரியது என்பதற்கு நிரூபணமும் கையோடு வந்துவிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது.

சூத்திரம் கிடைத்ததும் லாம்ப்டிஃபை என்ற கட்டளை கொண்டு அதை ஜூலியா சார்பாக மாற்றிவிடு. திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் ஒவ்வொரு முறையும் பைத்தானுக்குப் போய்வந்தால் வேகம் படுத்துவிடும்.

நீ சொன்ன அந்த வகைக்கெழுச் சமன்பாட்டை எல்லை நிபந்தனைகளோடு அனுப்பு, நானும் போட்டுப் பார்க்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரகு