சனிக்கிழமை போய்விட்டு வா, ஆத்தா

மண்டபம்,
பங்குனி 20

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் தம்பியும் நலம். போனில் இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தால் நடுவில் உன் மகன் சின்னவன் வந்துவிடுகிறான்; அவன் காதில் விழக்கூடாது என்று நீ வைத்துவிடுகிறாய். அது நல்ல பழக்கம்தான். அதனால் காகிதத்தை எடுத்தேன்.

பேரனைப் பார்த்த டாக்டரம்மா, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர்கள் சனிக்கிழமைகளில் கூடுகிறார்கள், அவர்களைப் போய்ப் பார் என்று சொன்னார் என்றாய். "முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து ஒப்பாரி வைக்க எனக்கு நேரமில்லை" என்றும் சொன்னாய். அந்த முன்கோபம் நம் குடும்பச் சொத்து, உன்னைக் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் போ என்றுதான் சொல்வேன்.

முதலில் அந்தச் சீட்டு விஷயத்தை முடித்துவிடுகிறேன். டாக்டரம்மா வாயால் ஆஸ்பெர்கர் என்றார், எழுதும்போது ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் முதல் நிலை என்று எழுதினார், எது சரி என்று கேட்டாய். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 2011இல் உன் தம்பிக்கு மதுரையில் எழுதிக் கொடுத்தபோது ஆஸ்பெர்கர் என்பது தனிப் பெயர். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் அதை ஆட்டிசத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் பின்னர் அப்படியே செய்தது. பெயருக்குரிய ஹான்ஸ் ஆஸ்பெர்கர் வியன்னாவில் குழந்தை மருத்துவர். நாஜிகளோடு ஒத்துழைத்தார், ஊனமுற்ற குழந்தைகளைக் கொலைக்கு அனுப்பியதில் அவருக்கும் பங்கு உண்டு என்று 2018இல் ஆவணங்களோடு வெளியானது. அதற்குப் பிறகு அந்தப் பெயரே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். நம் வீட்டில் நாக்கு பழகிவிட்டது.

ஆனால் அந்தப் பெயரை ஊரறியச் செய்தவர் யார் என்று தெரிந்துகொள். 1944இல் ஆஸ்பெர்கர் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரையை வெளியே அதிகம் பேர் படிக்கவில்லை. 1981இல் அதை எடுத்து ஆங்கிலத்தில் விளக்கி எழுதியவர் லோர்னா விங் என்ற இங்கிலாந்து மனநல மருத்துவர். அவருடைய சொந்த மகளுக்கு ஆட்டிசம். 1962லேயே மற்றப் பெற்றோர்களோடு சேர்ந்து சங்கம் தொடங்கியவர். தாய்க்குப் பாசம் போதாததால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று பெரிய டாக்டர்களே எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்காவில் அந்தப் பழியை 1964இல் புத்தகம் போட்டு மறுத்த பெர்னார்ட் ரிம்லாண்டும் இப்படி ஒரு பையனின் தகப்பன். தில்லியில் 1991இல் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் அமைப்பைத் தொடங்கிய மெர்ரி பரூவா, ஒரு பையனின் தாய். உன் மாமியார் "நீ வேலைக்குப் போனதால்தான் பிள்ளை இப்படி" என்று என்றைக்காவது சொன்னால், அறுபது ஆண்டுக்கு முன்பே மறுத்துவிட்ட பேச்சு அது என்று மனதுக்குள் சொல்லிக்கொள். வாய்விட்டுச் சொன்னாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தம்பிக்குப் பதினொரு வயதில் இது தெரிந்தபோது நீ கல்லூரி விடுதியில் இருந்தாய், பல சங்கதிகள் உன் காதுக்கு வரவில்லை. உறவில் பாதிப்பேர் ஏர்வாடிக்குக் கொண்டுபோய் வை என்றார்கள். தர்காவில் போய் வேண்டிக்கொள்வதில் எனக்கு ஒன்றுமில்லை, நானே போயிருக்கிறேன். ஆனால் 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் இறந்ததை இந்தக் கரையில் யார் மறப்பார்கள்? பிள்ளையிடம் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தாலே வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறார்களே, அதற்குப் பின்னால் அந்தப் பயமும் இருக்கிறது. நீ மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைப்பது எனக்குப் புரியாமல் இல்லை.

கீழக்கரையைச் சேர்ந்த ஒரு அம்மாவை மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் உன் அம்மா முதலில் பார்த்தாள். டோக்கன் எண்ணைக் கூப்பிடும்போதெல்லாம் அவர் மகன் காதைப் பொத்திக்கொண்டான், நம் பையனும் பொத்திக்கொண்டான். இரண்டு தாய்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் பேச்சு நிற்கவில்லை. திரும்பும்போது ராமநாதபுரம் வரை ஒரே பஸ்.

அவரிடமிருந்து எங்களுக்குக் கிடைத்ததில் முடிவெட்டும் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். தம்பிக்கு முடிவெட்டுவது என்றால் தெருவே கூடிவிடும், உனக்கு நினைவிருக்கும். தொடு உணர்வும் சத்தமும் அவனுக்கு அதிகமாகத் தாக்குகிறது என்று டாக்டர் விளக்கினார். உண்மைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை அந்த விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கீழக்கரை அம்மா சொன்னார்: கடை அடைக்கிற நேரமாகப் பார்த்துக் கூட்டிப்போங்கள். முதல் நாள் வெட்டவே வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வரட்டும். மெஷின் கூடாது, கத்தரி மட்டும். கடைத் துணியைக் கழுத்தில் சுற்றாமல் வீட்டுப் பழைய சட்டையைப் போர்த்துங்கள். இத்தனை வெட்டு என்று முன்பே பேசிக்கொண்டு, கடைக்காரர் வாய்விட்டு எண்ணியபடி வெட்டட்டும்; சொன்ன எண் வந்ததும், பாதித் தலைதான் முடிந்திருந்தாலும் கத்தரியைக் கீழே வைத்துவிட வேண்டும். அந்தக் கடைசி விதிதான் முக்கியம் என்றார். அப்படியே செய்தோம். தம்பி ஒரு பக்கம் குட்டையும் ஒரு பக்கம் நெட்டையுமாக ஊரைச் சுற்றினான், மீன் ஏலக்காரர்கள் கேலி பேசினார்கள். பிறகு அவனே வந்து, இன்னும் முப்பது வெட்டு என்றான். இது எந்த மருத்துவர் சீட்டிலும் இருக்காது, ஆத்தா. அவர்கள்மீது தப்பில்லை, அவர்கள் வீட்டில் அந்தத் தலை இல்லை.

அப்படித்தான் இங்கே ஒரு கூட்டம் சேர்ந்தது. பெயர் இல்லை, பலகை இல்லை. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை என்று ஏழெட்டுக் குடும்பம். மாதம் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீடு. நீ ஒப்பாரி என்கிறாய். அழுகை உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். சிரிப்பு அதைவிட அதிகம். கோயிலில் பூசை முடிந்ததும் ஃபாதரிடம் போய், இன்றைய பிரசங்கம் போன வாரத்தைவிட எத்தனை நிமிடம் நீளம் என்று கணக்குச் சொன்ன பிள்ளை ஒன்று உண்டு. வெளியில் அந்தத் தாய்க்கு அவமானம். எங்கள் நடுவில் அதைச் சொல்லும்போது அவளே கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மாப்பிள்ளை வரமாட்டார் என்கிறாயே, அதற்கு வருகிறேன். இங்கும் ஆண்கள் வரவில்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள், நாங்கள் வாசலில் நின்று காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத் திரும்புவோம். அதை மாற்றியது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. படகு முதலாளிகளான சம்மாட்டிகள் முதல் கூலிக்குப் போகிறவர்கள் வரை எல்லோரும் கரையில்தான். படகுக்கு மராமத்து, பெயின்ட், கிழிந்த வலையைச் சரிசெய்வது. நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதியவன், எனக்கும் அந்த மாதங்களில் வேலை குறைவு. கொட்டகைக்குப் போய் உட்கார்ந்து வலையை இழுத்துப் பிடித்துக்கொள்வேன்.

அப்படி ஒருநாள், பாம்பன்காரர் ஒருவர், கடலில் குரல் கொடுத்தால் பக்கத்துப் படகுகள் திரும்பிப் பார்க்கும், அப்படிப்பட்ட மனிதர், வலை ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்: "என் மகன் என்னை அப்பா என்று கூப்பிட்டதில்லை. படகு நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறான்." யாரும் ஆறுதல் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எதிரில் இருந்தவர், "என் மகன் கூப்பிடுவதே இல்லை. ஆனால் என் பைக் சத்தம் கேட்டால் போய் என் தட்டை எடுத்து வைக்கிறான்" என்றார். முதலாமவர் கை நின்றது. "தட்டை எடுத்து வைக்கிறானா?" என்று கேட்டார். அவ்வளவுதான் பேச்சு. அந்த வருடம் முழுக்க அந்த இருவரும் பிரியவே இல்லை. ஆண்பிள்ளைகளை நாற்காலி போட்டு உட்காரவைத்து மனதைத் திற என்றால் எழுந்து போய்விடுவார்கள். கையில் ஒரு வேலையும் கண்ணுக்கு ஒரு சாக்கும் வேண்டும். கோயம்புத்தூரில் வலை இல்லை. அங்கே வருகிற தகப்பன்கள் யாருக்காவது மாப்பிள்ளையைப் போலக் கார், பைக் பைத்தியம் இருக்கிறதா என்று விசாரி. மற்றது தானாக நடக்கும்.

ஒன்றை எச்சரிக்க வேண்டும். பெற்றோர் கூடுகிற இடத்தில் வியாபாரிகளும் விளம்பரக்காரர்களும் நுழைவார்கள். குணப்படுத்திவிடுகிறோம் என்று ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கேட்பார்கள். ஆட்டிசத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. தடுப்பூசியால் வந்தது என்பார்கள். அதைக் கிளப்பிவிட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. என் மகன் தொண்ணூறு மார்க், உன் மகன் எவ்வளவு என்று கேட்கிற ஆளும் ஒருவர் இருப்பார். அந்த நாற்காலியை விட்டுத் தள்ளி உட்கார்.

காகித வேலைக்கும் அவர்களையே கேள். 2016ஆம் ஆண்டு சட்டத்தில் 21 வகை மாற்றுத்திறன்களில் ஆட்டிசம் உண்டு. ஆனால் பல சலுகைகளுக்குச் சான்றிதழில் 40 சதவீதம் இருக்கவேண்டும். நம் பிள்ளைகள் பளிச்சென்று பேசுவதால், "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். தம்பிக்கு அப்படித்தான் நடந்தது. பள்ளியிலிருந்து கடிதம், அவனால் தனியாகச் செய்ய முடியாதவற்றை நாள்வாரியாக எழுதிய நோட்டு, இரண்டையும் கொண்டுபோகச் சொன்னது தங்கச்சிமடத்து அம்மா. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு வருடத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபி செலவுக்கும் உதவும். எந்த அலுவலகத்தில் எந்தக் கிழமை போனால் வேலை நடக்கும் என்பது முன்னால் போனவர்களுக்குத்தான் தெரியும்.

தம்பி இப்போது படகுகளின் ஜி.பி.எஸ்., கடல் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர் பழுது பார்ப்பது உனக்குத் தெரியும். எங்கள் கூட்டத்துக்கு எப்போதாவது வருவான். ஒருமுறை ஒரு தாய், கண்ணைப் பார்த்துப் பேசு என்று தினமும் பையனைப் பழக்குகிறேன் என்றாள். இவன் குறுக்கே புகுந்து, "கண்ணைப் பார்த்தால் எனக்கு நீங்கள் சொல்வது கேட்காது. உங்களுக்கு எது வேண்டும்?" என்றான். அத்தனை பேரும் வாயடைத்துப்போனோம். போகும்போது என்னிடம் இன்னொன்றும் சொன்னான்: இனிமேல் என்னைப் பற்றிக் கூட்டத்தில் பேசுவதானால் என்னைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். அன்றிலிருந்து கேட்கிறேன். இந்தக் கடிதத்தில் அவனைப் பற்றி உள்ளதையும் அவன் படித்துவிட்டான். மீன் ஏலக்காரர்கள் கேலி செய்ததை எடுத்துவிடலாமா என்றேன், நடந்ததுதானே, இருக்கட்டும் என்றான்.

மே மாதம் சின்னவனை அழைத்து வா. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தைப் பார்க்கவேண்டும் என்று அவன் மாமாவிடம் சொல்லியிருக்கிறான். நடுவில் உள்ள 72.5 மீட்டர் பகுதி அப்படியே 17 மீட்டர் மேலே ஏறும் என்று தம்பி சொல்ல, ஏன் 18 இல்லை என்று சின்னவன் கேட்க, போனில் ஒரு மணி நேரம் போனது. கப்பல் வந்தால்தான் தூக்குவார்கள், நாம் போகிற நாளில் தூக்காமலும் இருக்கலாம் என்பதை இப்போதே அவனிடம் சொல்லி வை.

சனிக்கிழமை போய்விட்டு வந்து யார் யார் இருந்தார்கள் என்று எழுது. மாப்பிள்ளையிடம் நான் பேசட்டுமா, வேண்டாமா என்பதையும் சொல். அம்மா நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள். வாசனை சின்னவனுக்கு ஆகாது என்றால் அனுப்பவில்லை.

அன்புடன்,
அப்பா