பதாகைகளில் இடம் மாறி நிற்கும் ஆங்கிலக் குறி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒக்டோபர் பிறந்துவிட்டால் மட்டக்களப்பில் பதாகைகளுக்குக் குறைவிருக்காது. 1ஆம் திகதி சிறுவர் தினம், 6ஆம் திகதி ஆசிரியர் தினம். தமிழ் வரியில் ஓர் ஒற்று விடுபட்டால் சண்டைக்கு வர ஆள் இருக்கிறது. அதன் கீழேயுள்ள ஆங்கில வரியை எவரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதில் ‘உடைய’ என்ற பொருளைக் காட்டும் அப்பொஸ்ட்ரபி (’) என்னும் குறி படும் பாடு சொல்லி மாளாது.

கல்லடிப் பாலத்துக்கு அண்மையில் கட்டியிருந்த ஒரு பதாகையில், ‘டீச்சர்ஸ் டே’ என்பதில் எஸ் எழுத்துக்கு முன்னால் குறி நின்றது. ஒரேயோர் ஆசிரியருக்கு எடுத்த விழா என்றுதான் அதற்குப் பொருள். பக்கத்திலேயே ‘சில்ட்ரன்ஸ் டே’. அங்கே குறி எஸ்ஸைத் தாண்டிப் போயிருந்தது! இரண்டையும் இடம் மாற்றியிருந்தால் இரண்டுமே சரியாகியிருக்கும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது விளங்காத விடயமே அல்ல. ‘ஆசிரியர்களுடைய’ என்னும்போது ‘கள்’ போட்ட பிறகுதானே ‘உடைய’ வருகிறது? ஆங்கிலத்திலும் முதலில் பன்மைச் சொல்லை முழுதாக எழுதிவிட வேண்டும். அது எஸ்ஸில் முடிந்தால் கடைசியில் குறி மட்டும் போதும். சில்ட்ரன், விமன் போல வேறு எழுத்தில் முடிந்தால் குறியிட்டு எஸ் சேர்க்க வேண்டும். நகரிலுள்ள புனித சிசிலியா பெண்கள் கல்லூரியின் ஆங்கிலப் பெயரில் ஒருமை, பன்மை இரண்டையும் காட்டலாம்: சிசிலியா ஒருவர், குறி எஸ்ஸுக்கு முன்னால்; ‘கேர்ள்ஸ்’ பலர், குறி பின்னால்.

அன்னையர் தினம் மட்டும் ஆளை ஏமாற்றும். தமிழில் பன்மை, ஆங்கிலத்தில் ஒருமை. அமெரிக்காவில் அதைத் தொடக்கிவைத்த அனா ஜார்விஸ், ஒவ்வொரு குடும்பமும் தன் தாயைப் போற்றும் நாள் அது என்று ஒருமையிலேயே பிடிவாதமாக நின்றார்.

தையற்கடைப் பலகைகளைப் பற்றி என்ன சொல்ல! ‘லேடீஸ்’ என்பதன் எஸ்ஸைக் குறி போட்டு வெட்டிவிடுகிறார்கள். மிஞ்சியிருப்பது ஆங்கிலத்தில் சொல்லே அல்ல.

அச்சகத்துப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். கொடுத்ததை அடிக்கிறார்கள். அச்சுக்கு முன் வட்ஸ்அப்பில் வரும் மாதிரியை அதிபர்கள் தமது பாடசாலையின் ஆங்கில ஆசிரியருக்கும் அனுப்பிவைக்கட்டும். பார்த்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். பதாகையோ மழை வந்து கிழிக்கும்வரை சந்தியில் தொங்குகிறது.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.