மட்டி பொறுக்கப் போகும் மகளுக்கு

சேலம்

அன்புள்ள கண்ணு,

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜூலையில் கனடாவில் வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போவதாக அம்மா சொன்னாள். மட்டிச் சிப்பி, கடற்பாசி, காட்டுப் பழம் எல்லாம் அங்கேயே பொறுக்கிச் சமைப்பீர்களாம். தாராளமாகப் போய் வாருங்கள். நமக்குத் தெரிந்ததெல்லாம் மேட்டூர் அணை மீன்தான். அதற்காக அப்பன் வாயை மூடிக்கொண்டு இருப்பானா? கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

மட்டி விஷயம்தான் எனக்கு உதைக்கிறது. நன்றாக வெந்துவிட்டால் எதுவும் ஒன்றும் செய்யாது என்பது நம் வீட்டுச் சட்டம். அங்கே அது செல்லாது. வெயில் காலத்தில் கடலில் பெருகும் ஒருவகை நுண்பாசியைத் தின்று மட்டிக்குள் நஞ்சு சேர்ந்துவிடுகிறது. கொதிக்க வைத்தாலும் போகாது, ருசியிலும் தெரியாது. முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், முற்றினால் மூச்சே நின்றுவிடும். மாற்று மருந்தும் கிடையாது. 1793-ல் அந்தக் கரையை அளக்க வந்த ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஜார்ஜ் வான்கூவரின் கப்பலில் வந்த ஜான் கார்ட்டர் என்ற மாலுமி, அந்தக் கடற்கரையின் வடக்கே சிப்பி தின்றுதான் செத்திருக்கிறான். அவனைப் புதைத்த இடத்துக்கு இன்றும் கார்ட்டர் பே என்று பெயர்.

அதனால் கிளம்புகிற அன்று, மீன்வளத் துறை எந்தக் கரையை மூடியிருக்கிறது என்று பார்த்துவிடு. லைசென்ஸும் எடுத்துக்கொள். மூடியிருந்தால் மாப்பிள்ளை எவ்வளவு ஆசைப்பட்டாலும் வேண்டாம், ஹக்கிள்பெர்ரி என்கிற காட்டுப் பழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திறந்திருந்தால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போங்கள். அப்போதுதான் தண்ணீர் நன்றாக உள்வாங்கும்.

பெரியவள் முடவாட்டுக்கால் சூப் கேட்டாளாமே! போன வாரம்தான் ஏற்காட்டில் வாங்கி வந்தேன். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணிக் கிழங்கு, பழுப்பு ரோமத்தோடு ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். விற்றது சேர்வராயன் மலை மலையாளி அம்மா ஒருவர். (மாப்பிள்ளை கேரளா என்று நினைக்கப் போகிறார், அவர்கள் பேசுவது தமிழ்தான்.) கத்தியைச் சாய்த்துப் பிடித்து, கிழங்கை விரலால் உருட்டி உருட்டி, துளி ரோமம் இல்லாமல் சுரண்டிக் கொடுத்தார். மிளகு, சீரகம், சின்ன வெங்காயத்தோடு தட்டிப் போடச் சொன்னார். நானாகக் காட்டுக்குள் போயிருந்தால் எந்தப் பெரணி என்றே தெரிந்திருக்காது. நீங்கள் போகும் கரையில் நூச்சாநுல்த் என்ற பூர்வகுடி மக்கள் காலங்காலமாக அந்தக் கடலில் எடுத்துச் சாப்பிடுகிறவர்கள். அவர்கள் நிலமென்றால் கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு இறங்கு. பாசியில் எதைத் தொடலாம், எவ்வளவு எடுக்கலாம் என்று அவர்கள் சொல்வதைப் பிள்ளைகளும் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.

கிழங்கை அனுப்பினால் கஸ்டம்ஸில் நிறுத்திவிடுவார்கள். அதை இங்கே வந்து குடிக்கச் சொல். ஏற்காட்டு மிளகை மட்டும் இங்கிருந்து வருகிற யாரிடமாவது கொடுத்துவிட முடியுமா பார்க்கிறேன்.

அப்புறம், கரடி நடமாட்டம் உள்ள இடமாம். சாப்பாட்டுச் சாமானைக் கூடாரத்துக்குள் வைக்காதே. போனில் சிக்னல் இருக்காது என்றாய். என்றைக்குத் திரும்புவீர்கள் என்று பக்கத்து வீட்டிலும் சொல்லிவை, எங்களுக்கும் எழுது.

அன்புடன்,
அப்பா