'தவறி' என்ற சொல் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டட வேலையில் யாராவது விழுந்தால், 'சாரத்திலிருந்து தவறி விழுந்து கொத்தனார் பலி' என்றுதான் செய்தி வருகிறது. என் தங்கை வீட்டுக்காரரும் கொத்தனார். 2022-ல் இரண்டாவது மாடியில் வெளிப்பூச்சு பூசிக்கொண்டிருந்தபோது விழுந்தார். அவர் தவறவில்லை. காலுக்கடியில் இருந்த சவுக்குக் கழி முறிந்தது. மேலே பட்டை நன்றாகத்தான் இருந்தது, உள்ளே கரையான் அரித்து மாவாகக் கிடந்தது. நாலைந்து கட்டடம் பார்த்த பழைய கழி. மாற்றித் தரச் சொல்லி முன்பே கேட்டிருக்கிறார்கள். 'இந்த ஒரு வாரம் ஓட்டுங்க' என்றாராம் மேஸ்திரி.

முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அப்போது அவருக்கு வயது 40. கட்டுமான நிறுவனத்தார் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார்கள், அதை மறுக்கவில்லை. அப்புறம் 50 ஆயிரம் ரூபாயை நீட்டி, 'இனி எதுவும் கேட்க மாட்டேன்' என்று படுத்திருந்தவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். பாதுகாப்பு பெல்ட் போடாதது அவர் தப்பு என்றும் சொன்னார்கள். அந்த இடத்தில் பெல்ட் இருக்கவே இல்லை.

அன்றிருந்த 1923-ஆம் வருட ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி அந்தத் தாள் செல்லாது. உயிர் போனாலோ, நிரந்தரமாக முழுவதும் முடங்கினாலோ, தொழிலாளி விதியை மீறினார் என்று முதலாளி தப்பிக்க முடியாது. வேலையை மேஸ்திரிக்கு விட்டிருந்தாலும் நிறுவனத்துக்குப் பொறுப்பு உண்டு. மாதக் கூலி 15,000 என்று வைத்து, அதில் 60 சதவீதத்தை, சட்டத்தின் அட்டவணையில் 40 வயதுக்குக் கொடுத்திருக்கும் 184.17 என்ற எண்ணால் பெருக்கினால் 16,57,530 ரூபாய். கொடுத்ததோ 50 ஆயிரம்! 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. அதிலும் இந்தப் பொறுப்பு முதலாளிக்குத்தான்.

இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. தொழிற்சங்கக்காரர் ஒருவர் சொல்லி, கெடு முடிய 11 நாள் இருக்கும்போது போட்டோம். சரி, சாட்சி? முறிந்த கழியை அன்று சாயங்காலமே வெட்டி டீ அடுப்பில் வைத்துவிட்டார்கள். கூட வேலை பார்த்த சித்தாள் பெண் செல்போனில் எடுத்த ஒரே ஒரு படம்தான் எங்கள் கையில் இருக்கிறது.

அதனால் உங்கள் நிருபர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சாரம் எந்தக் கழியில், எந்தக் கயிற்றில் கட்டியிருந்தது, அதைக் கொடுத்தது யார் என்று விசாரித்து அதையும் செய்தியில் போடுங்கள். தெரியவில்லை என்றால் 'விழுந்தார்' என்று மட்டும் போடுங்கள். 'தவறி' வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
துறையூர்.